கேள்வியை வெட்டினால் பதில் யாருடையது?

வவுனியா நகரிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே கொஞ்சத் தூரம் போனால் ஓமந்தை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு இந்த ஊரின் பெயர் வெளியுலகுக்கு ஒரு சோதனைச்சாவடியின் பெயராகவே தெரிந்தது. சாவடிக்குத் தெற்கே அரசின் ஆட்சி, அப்பால் புலிகளின் வன்னி. 2015 ஓகஸ்ட் 29 அன்று மூடப்படும்வரை ஆட்களும் பொதிகளும் அங்கே இறக்கி ஏற்றப்பட்டன. வன்னிக்குள் போன ஊடகவியலாளரும் அந்த வழியாகத்தான் போனார்கள். போக முடியாமல் திரும்பியவர்களும் அங்கிருந்துதான் திரும்பினார்கள்.

செவ்வி கொடுத்தவர் சொல்லவந்தது ஒன்று, வெளிவந்தது வேறொன்று என்ற முறைப்பாடு எந்த நாட்டிலும் உண்டு. அப்போதெல்லாம் ஆசிரியபீடம் பேச்சை வெட்டி ஒட்டிவிட்டது என்றுதான் குற்றம் சாட்டுகிறோம். ஓமந்தையோடு தொடர்புடைய ஒரு நிகழ்வை எடுத்துப் பார்த்தால் வெட்டு வேறு இடத்தில் விழுவது தெரியும். கேட்கப்பட்ட கேள்வி முதலில் போகிறது. பேசியவர் எங்கே இருந்து, யாருடைய பிடியில் இருந்து பேசினார் என்ற விவரம் அதன் பின்னால் போகிறது. இவ்விரண்டும் போனபின், பேசியவரின் சொல்லில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் பொய் சொல்லிவிடலாம்.

2008 செப்ரெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. சுதந்திரமான ஊடகவியலாளர் எவரையும் போர்ப்பகுதிக்குள் போக அரசு விடவில்லை. இராணுவம் கூட்டிச்சென்று காட்டிய இடங்களைத்தான் பார்க்க முடிந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டறிய மிஞ்சியவர்கள் அரச வைத்தியர்கள் சிலர்: கிளிநொச்சிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் த. சத்தியமூர்த்தி, முல்லைத்தீவுப் பணிப்பாளர் து. வரதராஜா, வைத்தியர் வி. சண்முகராஜா, இன்னும் ஓரிருவர். அவர்கள் கொழும்பு அரசின் ஊழியர்கள். வேலைசெய்தது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த நிலத்தில். புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலை இடம்பெயர இடம்பெயர அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். எறிகணை எங்கே விழுந்தது, எத்தனை உடல்கள் வந்தன, எந்த மருந்து தீர்ந்தது என்று தொலைபேசியில் சொன்னார்கள். பிபிசியும் ஏபி செய்தி நிறுவனமும் பிற ஊடகங்களும் அந்தக் குரல்களைத்தான் ஒலிபரப்பின, எழுதின.

2009 மே நடுப்பகுதியில் அவர்களும் மக்களோடு வெளியே வந்தார்கள். மே 15 காலை சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா மூவரும் ஓமந்தைச் சாவடியில் ஆட்களைத் தடுத்துவைக்கும் இடத்தில் கடைசியாகக் காணப்பட்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை அப்போது அறிவித்தது. அதன்பின் அவர்கள் தடுப்புக்காவலில்.

அதே ஆண்டு ஜூலை 8. கொழும்பில் அரசு ஏற்பாடுசெய்த ஊடகச் சந்திப்பு. ஐந்து வைத்தியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாங்கள் முன்பு சொன்ன இழப்புத் தொகைகள் மிகைப்படுத்தப்பட்டவை, புலிகளின் அழுத்தத்தால் அப்படிச் சொன்னோம், ஜனவரிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையே இறந்த பொதுமக்கள் 750 பேருக்கு மேல் இல்லை என்ற பொருளில் பேசினார்கள். கேள்வி கேட்க ஊடகவியலாளருக்கு இடம் கொடுக்கப்பட்டது. முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, மீண்டும் காவலுக்குப் போனார்கள். பிணை கிடைத்தது ஓகஸ்ட் பிற்பகுதியில்தான்.

அன்றைய செய்திகளை எடுத்துக்கொள்வோம். வைத்தியர்கள் சொன்னதாக எழுதப்பட்டது எல்லாம் அவர்கள் சொன்னதுதான். மேற்கோளில் பிழையில்லை, மொழிபெயர்ப்பிலும் பெரிய பிழை இருந்திருக்காது. ஆனால் ‘தடுப்புக்காவலில் உள்ள’ என்ற தொடர் செய்தியின் முதல் வாக்கியத்தில் வருகிறதா, ஏழாவது பந்தியில் வருகிறதா, வரவேயில்லையா என்பதைப் பொறுத்து அதே சொற்கள் மூன்று வெவ்வேறு செய்திகளாகின்றன. முதல் வாக்கியத்தில் வந்தால், கைதிகள் வாக்குமூலம் கொடுத்தார்கள் என்று வாசகர் புரிந்துகொள்வார். ஏழாவது பந்தியில் வந்தால் பாதிப்பேர் அதைப் படிக்கவே மாட்டார்கள். வராமலே போனால் ஐந்து வைத்தியர்கள் மனம்மாறி உண்மையை ஒப்புக்கொண்டார்கள் என்றாகிவிடும். தொலைக்காட்சித் துண்டில் இன்னும் மோசம். முகமும் ஒரு வசனமும் தெரியும். அறைக்கு வெளியே யார் நின்றார்கள் என்பது சட்டகத்துக்குள் வராது.

கொழும்பு அமெரிக்கத் தூதரகத்திலிருந்து போய், பின்னர் விக்கிலீக்ஸ் மூலம் வெளியான தந்தி ஒன்று, அந்தச் சந்திப்புக்கு வைத்தியர்கள் முன்கூட்டியே பயிற்றுவிக்கப்பட்டார்கள் என்ற தகவலைப் பதிவுசெய்கிறது. அமெரிக்கா சென்றபின் வரதராஜா, அன்று கட்டாயத்தின் பேரில் பேசியதாக வெளிப்படையாகவே சொன்னார். 2019இல் தன் அனுபவங்களை நூலாகவும் வெளியிட்டார்.

மறுபக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். பெப்ரவரியில் புதுக்குடியிருப்பிலிருந்து தொலைபேசியில் பேசியபோதும் அவர்கள் ஒரு ஆயுத அமைப்பின் நிலத்தில்தான் இருந்தார்கள். புலிகளுக்குப் பிடிக்காததை அங்கிருந்து சொல்லியிருக்க முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்த மாதங்களில் வந்த செய்திகள் சிலவற்றில் ‘புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து’ என்ற குறிப்பு இருந்தது, சிலவற்றில் இல்லை. இரண்டு தடவையும் பேசிய இடத்தைச் சொல்லியிருந்தால், அடுத்ததாக வேறு சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை தொடங்கியிருக்கும். ஒப்பிடச் சான்றுகள் இருந்தன. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்கானதைப் பெப்ரவரித் தொடக்கத்தில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கமே அறிவித்தது. பெப்ரவரி முதல் மே தொடக்கம் வரை காயக்காரர், நோயாளர், அவர்களுக்குத் துணையாக வந்தோர் என்று 13,000க்கும் மேற்பட்டவர்களை அச்சங்கம் கடல்வழியாக வெளியே கொண்டுவந்தது. 2011இல் ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு, இறந்த பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது. இவற்றின் அருகே வைத்துப் பார்த்தால் தொலைபேசியில் வந்த குரலும் மேடையில் வந்த குரலும் ஒரே எடை பெறமாட்டா. ‘வைத்தியர்கள் முன்பு அப்படிச் சொன்னார்கள், இப்போது இப்படிச் சொல்கிறார்கள்’ என்று இரண்டையும் சமமாக வைத்து எழுதியது நடுநிலைபோலத் தோன்றும். என் பார்வையில் அது வேலைசெய்யாமல் விட்டது.

வெட்டு எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். செய்தித்தாளில் வழி எளிது. நிருபர் கேட்ட கேள்வியை எடுத்துவிட்டு, பதிலைப் பேசியவர் தானாகச் சொன்ன பிரகடனமாக மாற்றுவது. “அவர்கள்மீது உங்களுக்குக் கோபம் இல்லையா?” என்று மூன்று முறை குடைந்து கேட்டு, கடைசியில் “கோபம் இருக்காதா?” என்று வந்த சலிப்பு, மறுநாள் ‘கோபத்தில் கொதிக்கும் மக்கள்’ ஆகிவிடும். தொலைக்காட்சியில் இரண்டு பதில்களை ஒட்டும்போது படம் துள்ளும். அதை மறைக்க நிருபர் தலையாட்டுகிற காட்சியையோ, பேசுபவரின் கையையோ, வெளியே நிற்கும் மரத்தையோ நடுவே ஓரிரு விநாடி வைப்பார்கள். கண் மரத்தைப் பார்க்கிற அந்த நேரத்தில் காதுக்குள் ஒரு ‘ஆனால்’ காணாமற்போயிருக்கும். வானொலியில் அதுவும் தேவையில்லை. மூச்சு விடுகிற இடத்தில் வெட்டினால் எவருக்கும் தெரியாது.

வரிசையை மாற்றினாலே போதும் என்பதற்கு 2007இல் பிபிசி தந்த உதாரணம் புகழ்பெற்றது. பிரித்தானிய மகாராணி பற்றிய ஆவணப்படத்தின் முன்னோட்டத்தில், புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் முடியைக் கழற்றச் சொன்னதும் மகாராணி கோபத்துடன் வெளியேறுவதுபோலக் காட்டினார்கள். அவர் வேகமாக நடந்த காட்சி உண்மையில் படப்பிடிப்புக்கு வரும்போது எடுத்தது. பிபிசி 1 அலைவரிசையின் தலைவர் பீட்டர் பிஞ்சம் அவ்வாண்டு ஒக்டோபரில் பதவி விலகினார். 2024இல் அமெரிக்காவின் சிபிஎஸ், ஜனாதிபதி வேட்பாளர் கமலா ஹரிஸ் கொடுத்த ஒரே பதிலின் ஒரு பகுதியை ஒரு நிகழ்ச்சியிலும் இன்னொரு பகுதியை வேறு நிகழ்ச்சியிலும் காட்டியது. எதிர்த்தரப்பு வழக்குப் போட்டது. அதன் தாய் நிறுவனமான பாரமவுண்ட் 2025 ஜூலையில் 1.6 கோடி டொலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. அந்த வழக்கு அரசியல் நெருக்குதல் என்பதே பலரின் கருத்து, எனக்கும் அதுவே. எனினும் செவ்வியின் முழு எழுத்துவடிவமும் பொதுவெளிக்கு வந்தபின்தான் வெட்டியது அர்த்தத்தை மாற்றியதா இல்லையா என்று எவராலும் தானே பார்த்துத் தீர்மானிக்க முடிந்தது. அதற்கு முன்பு நடந்தது வெறும் கூச்சல்.

ஊடகத்துக்குள் இருப்பவர்தான் வெட்டுவார் என்றும் இல்லை. வன்னியில் பிபிசி தமிழோசைக்கு இருந்த இடம் எங்கள் தலைமுறைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரவு 9.15க்கு வானொலியைச் சுற்றி உட்காராத குடும்பம் குறைவு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அதைப் பண்பலையில் மறு ஒலிபரப்புச் செய்துவந்தது. 2008 நவம்பர் இறுதியிலிருந்து சில பகுதிகள் ஒலிபரப்பாகாமல் தடைப்பட்டன. வேண்டுமென்றே தலையிடுகிறார்கள் என்று கூறி 2009 பெப்ரவரியில் பிபிசி அந்தச் சேவையை நிறுத்தியது. 2013 மார்ச்சிலும் அதே காரணத்துக்காக மறுபடி நிறுத்தியது. பேசியவர் இலண்டனில் அல்லது கிளிநொச்சியில் பேசினார், செய்தியாசிரியர் வெட்டாமல் அனுப்பினார், வெட்டு கொழும்புக் கட்டுப்பாட்டு அறையில் விழுந்தது. கேட்டவருக்கோ அது பிபிசியின் மௌனமாகத்தான் கேட்டிருக்கும்.

இறுதிப் போரோடு ஒட்டிய இன்னொரு செவ்வி நீதிமன்றம் வரை போனது. 2009 டிசம்பர் 13 ‘சண்டே லீடர்’ இதழில், முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுடன் ஆசிரியர் பிரெட்ரிக்கா ஜான்ஸ் நடத்திய செவ்வி வெளியானது. வெள்ளைக்கொடியோடு சரணடைய வந்த புலிகளின் தலைவர்களைச் சுடும்படி அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ உத்தரவிட்டார் என்று பொன்சேகா சொன்னதாகத் தலைப்பு. மே 18 அதிகாலையில் அத்தலைவர்களில் நடேசனும் புலித்தேவனும் இறந்த நிகழ்வைப் பற்றியது அது. பொன்சேகா அப்போது ஜனாதிபதித் தேர்தலில் பொது வேட்பாளர். தேர்தல் 2010 ஜனவரி 26. செவ்வி வெளியானதும் அவர் மறுத்தார். களத்தில் இருந்த ஊடகவியலாளர் தன்னிடம் சொன்னதாகத்தான் கூறினேன், அது என் சொந்தக் கூற்று இல்லை என்பது அவர் வாதம். அவருடைய விளக்கத்தைப் பத்திரிகை அடுத்த வாரம் வெளியிட்டது. ஆனால் செவ்வி எழுதப்பட்டபடியே சரி என்பதில் ஆசிரியர் உறுதியாக நின்றார்.

தேர்தலில் பொன்சேகா தோற்றார். பிறகு கைது, வழக்குகள். வெள்ளைக்கொடி வழக்கு என்று பெயர்பெற்ற இந்த வழக்கைக் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்தது. ஒலிப்பதிவு இல்லை. ஆசிரியரின் கையெழுத்துக் குறிப்பேடுதான் சான்று. அந்தக் குறிப்புகள் எப்போது எழுதப்பட்டவை என்பதிலேயே எதிர்த்தரப்பு சட்டத்தரணிகள் நாட்கணக்கில் குறுக்குவிசாரணை செய்தார்கள். 2011 நவம்பர் 18 அன்று தீபாலி விஜேசுந்தர, சுல்பிகார் ரசீன் ஆகிய இருவரும் குற்றவாளி என்றார்கள். மூன்றாமவர் வராவெவ விடுவிக்க வேண்டும் என்றார். மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை. 2012 மே மாதம் ஜனாதிபதி மன்னிப்பில் பொன்சேகா வெளியே வந்தார்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாக மூன்றாமவர் எழுதும்போது நடுவிலுள்ள படி ஒன்று எளிதில் விழுந்துவிடும். பொன்சேகா சொல்வது உண்மையானால் விழுந்தது அந்தப் படிதான். ஆசிரியர் சொல்வது உண்மையானால், தேர்தல் நெருக்கத்தில் தன் சொல்லின் கனம் தெரிந்து பின்வாங்க அவர் அந்தப் படியைப் பிறகு செருகிக்கொண்டார். குறிப்பேட்டை வைத்து இதைத் தீர்க்க முடியவில்லை; மூன்று நீதிபதிகளாலேயே ஒத்துப்போக முடியவில்லை. நம்மைப் பொறுத்தவரை இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. மே 18 அதிகாலை முல்லைத்தீவின் வட்டுவாகல் பக்கம் என்ன நடந்தது என்ற கேள்வி, ஒரு செவ்வி சரியாக எழுதப்பட்டதா என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது. விசாரிக்கப்பட்டது உத்தரவு அல்ல, மேற்கோள்.

‘என் பேச்சைத் திரித்துவிட்டார்கள்’ என்பது அரசியல்வாதிகளுக்கு வசதியான அடைக்கலம் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லவேண்டும். சொன்னது எடுபட்டால் சொந்தம், எடுபடாவிட்டால் நிருபரின் பிழை.

2002 ஏப்ரல் 10 அன்று கிளிநொச்சியில் புலிகளின் தலைவர் பிரபாகரன் நடத்திய ஊடகச் சந்திப்புக்கு நூற்றுக்கணக்கான ஊடகவியலாளர் ஓமந்தையைத் தாண்டிப் போனார்கள். அவர் தமிழில் சுருக்கமாகச் சொன்னதைப் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் ஆங்கிலத்தில் விரித்துச் சொன்னார். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்த மேற்கோள்கள் பல பாலசிங்கத்தின் வசனங்கள். ராஜீவ் காந்தி கொலை பற்றிய கேள்விக்கு அது ஒரு துன்பியல் சம்பவம் என்ற அளவோடு பதில் நின்றது. 2006 ஜூனில் என்டிடிவிக்குக் கொடுத்த செவ்வியில் பாலசிங்கம் அதே நிகழ்வைப் பெரும் வரலாற்றுத் துயரம் என்றும் அதற்காக ஆழ்ந்து வருந்துவதாகவும், பழையதை மறந்து இந்தியா பெருந்தன்மை காட்டவேண்டும் என்றும் கூறினார். மறுநாள் சில இந்தியப் பத்திரிகைகளில் ‘ராஜீவைக் கொன்றதாகப் புலிகள் ஒப்புதல்’ என்று தலைப்பு. வருத்தத்துக்கும் ஒப்புதலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அவர் அதை வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டார் என்று நினைக்கவும் இடமுண்டு. தலைப்பு எழுதியவர் ஒரே இரவில் நிரப்பிவிட்டார். புலிகளின் பொறுப்பை நான் இங்கே குறைக்கவில்லை. இந்திய நீதிமன்றங்கள் அதுபற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. அந்த மனிதர் அந்தச் செவ்வியில் என்ன சொன்னார் என்பது தனிக் கேள்வி.

கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் விவகாரம் இன்னும் சிக்கலானது. 2009ஐத் தன் வாழ்வின் மகிழ்ச்சியான காலம் என்று அவர் 2019இல் சொன்னது, அவர் வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக 2020 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டதும் கிளம்பியது. தமிழர் அழிந்ததைக் கொண்டாடினார் என்று தமிழ்நாட்டில் பரவியது. அச்சமின்றி வாழக் கிடைத்ததையே சொன்னேன் என்று அவர் அறிக்கை விட்டார். விஜய் சேதுபதி விலகினார். முரளியின் எதிர்ப்பாளர்கள் அவர் கொடுத்த காரணத்தை வெட்டினார்கள் என்பது சரி. அவரை ஆதரித்தவர்கள் வெட்டியது வேறு: அப்பேச்சு கோட்டாபய ராஜபக்ஷவின் ஜனாதிபதித் தேர்தல் ஆதரவுக் காலத்தில் வந்தது என்பதை. இருதரப்பும் தமக்கு வேண்டிய ஓரத்தை வைத்துக்கொண்டன. மே மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அந்த வசனம் எப்படிக் கேட்கும் என்பதை முரளி யோசித்திருக்கலாம் என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

தாய்மாரைப் பற்றியே சொல்லவேண்டியிருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் நான்கு நாட்கள் கழித்து வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஓமந்தையில், வட்டுவாகலில், முல்லைத்தீவின் வேறு இடங்களில் தம் கையால் பிள்ளையையோ கணவரையோ இராணுவத்திடம் ஒப்படைத்தோம் என்பவர்கள் அவர்களில் பலர். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010இல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அமர்ந்தபோதே இதைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். சரணடைந்து காணாமற்போனோர் பற்றி விசாரிக்கவேண்டும் என்று அந்த ஆணைக்குழுவின் அறிக்கையும் கூறியது.

அவர்களிடம் எடுக்கப்படும் செவ்விகள் எப்படி வருகின்றன என்று கவனித்துப் பாருங்கள். ஒரு தாய் பேசத் தொடங்கினால் ஒழுங்காகவே பேசுவார். எந்தத் திகதி, காலையா மாலையா, எந்த இடம், பேருந்தில் ஏற்றியது யார், பேரைப் பதிந்தவர் என்ன மொழியில் பேசினார், கூட ஏறியவர்கள் யார் யார், பிறகு எந்த முகாமில் போய்க் கேட்டோம், அங்கே என்ன சொன்னார்கள். ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லி அந்த விவரங்கள் அவர் வாயில் வரிசையாக நிற்கும். பேச்சின் கடைசியில் அழுவார். வெளியாகும் துண்டில் அந்தக் கடைசி மட்டும் இருக்கும். படத்தோடு தலைப்பு: ‘கண்ணீர்மல்கக் கதறிய தாய்’. கொழும்பிலிருந்து வரும் தொலைக்காட்சியும் இதையே செய்கிறது, இணையத் தமிழ் ஊடகங்களும் இதையே செய்கின்றன. நமக்கு வேண்டியவர்கள் செய்வதால் அது திரிபு இல்லை என்றாகிவிடாது.

அழுகையை வெளியிடுவதில் என்ன திரிபு, அதுவும் உண்மைதானே என்று கேட்கலாம். அவர் சொல்லவந்தது தனக்குத் துக்கம் என்பதை அல்ல. அது எவருக்கும் தெரியும். ஒரு குற்றத்தின் சாட்சியமாகப் பேச வந்தவரை அனுதாபத்துக்குரியவராக மாற்றித் திருப்பி அனுப்பிவிடுகிறோம். சட்டத்தில் இந்த வேறுபாடு பெரியது. புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளர் எழிலன் 2009 மே 18இல் இராணுவத்திடம் சரணடைந்ததாக அவர் மனைவி அனந்தி சசிதரனும், அப்படியே சரணடைந்த வேறு சிலரின் குடும்பத்தினரும் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல்செய்தார்கள். ஆண்டுக்கணக்காக இழுபட்டு, 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவம் அவர்களை முற்படுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நின்றது எந்த நாள், எந்த இடம், யாரிடம் என்ற விவரங்களின் மேல். செய்தியில் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தவை அதே விவரங்கள்தாம்.

இதில் வவுனியாவில் இருக்கிற பிரதேச நிருபரை மட்டும் பிடித்து உலுக்கிப் பயனில்லை. அவருக்கு மாதச் சம்பளம் இருப்பது அபூர்வம். வெளிவந்த செய்திக்குத்தான் காசு. ஓமந்தைக்கோ நெடுங்கேணிக்கோ மோட்டார் சைக்கிளில் போய்வந்த பெற்றோல் செலவைவிட அது குறைவாகவும் இருக்கலாம். இரண்டு மணிநேரம் கேட்டதை அறுபது விநாடியாகவோ இருநூறு சொல்லாகவோ அனுப்பவேண்டும். அதைக் கொழும்பில் ஒருவர் இன்னும் சுருக்குவார், மூன்றாமவர் தலைப்புப் போடுவார். இந்த மூவரில் தாயின் முகத்தைப் பார்த்தவர் முதலாமவர் மட்டுமே. தலைப்புப் பற்றி அவரை எவரும் கேட்பதில்லை. மறுநாள் தாயின் முன்னால் போய் நிற்கவேண்டியவரும் அவரே.

சுருக்காமல் செய்தி இல்லை என்பது எனக்குத் தெரியும். பேச்சில் இழுவை உண்டு, திரும்பக் கூறல் உண்டு, பாதியில் விட்ட வசனம் உண்டு. அவற்றை அப்படியே அச்சிட்டால் பேசியவர்தான் முதலில் கோபிப்பார். எவ்வளவு மாற்றலாம் என்பதை அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1991இல் ஆராயவேண்டி வந்தது. உளப்பகுப்பாய்வாளர் ஜெப்ரி மேசன், ‘நியூயோர்க்கர்’ இதழில் ஜனற் மல்கம் எழுதிய கட்டுரையில் தான் சொல்லாத வசனங்கள் மேற்கோள்குறிக்குள் இருப்பதாக வழக்குத் தொடுத்தார். நாற்பது மணிநேரத்துக்கு மேற்பட்ட ஒலிநாடாக்கள் இருந்தன. சர்ச்சைக்குரிய வசனங்கள் அவற்றில் இல்லை. மேற்கோளில் சொற்களை மாற்றினாலே பொய் என்றாகிவிடாது, பொருள் கணிசமாக மாறினால்தான் பொய் என்று நீதிமன்றம் வகுத்தது. கடைசியில் 1994இல் நடுவர் குழு மல்கம் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அந்த அளவுகோல் நியாயமானதுதான். ஆனால் அது மேற்கோள்குறிக்குள் இருப்பதை மட்டுமே அளக்கிறது. ஜூலை 8 ஊடகச் சந்திப்பை அதைக் கொண்டு அளந்தால் எல்லாச் செய்தியும் தேறிவிடும்.

இலங்கையில் அச்சு ஊடகங்களுக்கென 2003இல் தொடங்கிய பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது, பத்திராதிபர் சங்கத்தின் ஒழுக்கக்கோவை இருக்கிறது. மறுப்புரிமை எழுத்தில் இருக்கிறது. ஓமந்தையிலோ புளியங்குளத்திலோ இருக்கிற ஒருவர் கொழும்புக்குக் கடிதம் எழுதி, வாரங்கள் கழித்து உள்பக்க மூலையில் நான்கு வரித் திருத்தம் பெறுவது நடைமுறையில் எத்தனை முறை நடக்கும் என்று வாசகரே யோசிக்கலாம். முகநூலில் பரவிய துண்டுக்கு அந்த மூலைகூட இல்லை.

ஆகவே சட்டத்தைவிடப் பழக்கத்தைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. கேள்வியைப் பதிலோடு அச்சிடுங்கள். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். பேசியவர் காவலில் இருந்தாரா, முகாமில் இருந்தாரா, பக்கத்தில் சீருடைக்காரர் நின்றாரா என்பதை முதல் பந்தியில் எழுதுங்கள். இணையத்தில் இடப்பற்றாக்குறை இல்லை. முழுப் பதிவையும் போடுங்கள், பேசியவருக்கு அதனால் ஆபத்து வரும் என்றாலொழிய. அந்த ஆபத்து இங்கே இன்னும் கற்பனை இல்லை. புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்து போவது நின்றுவிடவில்லை. தலைப்பை அனுப்புமுன் நிருபரிடம் ஒருதடவை வாசித்துக் காட்டுங்கள்.

பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இன்று கைப்பேசி இல்லாத வீடு வன்னியில் குறைவு. எந்த ஊடகத்துக்குச் செவ்வி கொடுத்தாலும், கேள்வி தொடங்குமுன் உங்கள் கைப்பேசியிலும் ஒலிப்பதிவைப் போட்டு எதிரே வையுங்கள், அதைச் சொல்லிவிட்டே வையுங்கள். பிள்ளையின் பெயர், திகதி, ஒப்படைத்த இடம் ஆகிய மூன்றையும் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவு வேண்டாம் என்று சொல்கிற நிருபருக்கு, அவர் எந்தப் பக்கத்து ஊடகமாக இருந்தாலும், செவ்வி கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.